எந்தக் குணரட்ணம்?

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடக் கார்பார்க்கில் ஒரு பேனையை என் கையில் திணித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திணித்தவர் நிரோஷா. இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்துக்கு எது தேவையென்றாலும் முதலில் ஓடி வருபவர். கார்க் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, பெட்டிஷன் ஒண்டு. டக்கெண்டு ஒரு சைன் வைச்சிட்டுப் போங்கோ" என்றார். என் மகள் அப்போதுதான் பின்சீட்டிலிருந்து புத்தகப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

என்னவென்று படித்துப் பார்த்தேன். சிறுவர்கள் மீது பாலியல் குற்றம் செய்தவர்களின் பெயர், படம், குடியிருக்கும் இடம் எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும். பள்ளிக்கூடம், சைல்ட்கேர், பார்க் - இவற்றுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கக் கூடாது. இங்கே நியூ சவுத் வேல்ஸில் இப்போது அவர்களின் பெயர்ப் பட்டியல், அதாவது ரெஜிஸ்டர், போலீசிடம்தான் இருக்கிறது, ஊருக்குக் காட்டுவதில்லை. அதில் இருப்பவர் வீடு மாறினாலும் வேலை மாறினாலும் கார் மாறினாலும் போலீசிடம் போய்ச் சொல்ல வேண்டும். அது போதாது என்பதுதான் பெட்டிஷன்.

படிக்கும்போது எது பிழையாகத் தெரியும்? ஒன்றும் தெரியாது. யார்தான் மாட்டேன் என்பார்கள்? நானும் பேனை மூடியைக் கழற்றிவிட்டேன்.

அப்போது நிரோஷா குரலைத் தாழ்த்தினார். "எங்கட குணரட்ணம் அங்கிளின்ர கதை தெரியும்தானே? எத்தினை வருஷம் எங்கட பிள்ளையளோட நிண்ட மனுசன்..."

எனக்குத் தெரியும். நிரோஷாவுக்குத்தான் தெரியாது. மூடியைத் திரும்பப் போட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குணரட்ணம் என்பது நான் வைத்த பெயர். டூங்கபி என்று கீழே வரும் சிட்னிப் புறநகரில் அவருடைய வீடு இல்லை. இந்நேரம் உங்களில் சிலர் 'ஆரின்ர ஆள்? எந்த ஊர்?' என்று மனதுக்குள் தொடங்கியிருப்பீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குணரட்ணம் அங்கிள் எங்கள் பள்ளிக்கூடக் கார்பார்க்கின் ராஜா. ஒரேஞ்ச் நிற அங்கி போட்டுக்கொண்டு, மழையோ வெயிலோ, கார்களைத் திருப்பிவிடுவார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்களுக்கு - நான்தான், வேறு யார் - பின்னால் நின்று கையால் தாளம் போடுவார். சில வாரங்களாக அவரைக் காணவில்லை. கமிட்டியிலிருந்து மரியாதையாக ஒருவர் போய், கொஞ்ச நாள் வராமலிருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

காரணம், ஓர் ஆங்கிலச் செய்தி. பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமியிடம் ஆன்லைனில் கேட்கக் கூடாததைக் கேட்ட ஒருவர். தண்டனையில் ஒரு பகுதியைச் சிறையில் கழித்துவிட்டுப் பரோலில் வெளியே வரப் போகிறார். செய்தி முழுக்க அவரை 'குணரட்ணம்', 'குணரட்ணம்' என்றே எழுதியிருந்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு அது போதுமாக இருந்தது. டூங்கபிப் பக்கம் குணரட்ணம் என்றால் வேறு யார்?

ஐயா, அம்மா... முப்பது வருஷமாக இந்த நாட்டில் ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று நாங்கள் என்ன விளக்கிக்கொண்டிருக்கிறோம்? 'அது என் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர்.' டாக்டரின் ரிசெப்ஷனில் என்னைக் கூப்பிடும்போது ஊரில் கண்ணை மூடிவிட்ட என் மாமனார்தான் எழுந்து போக வேண்டும். வங்கியில் என் கணவரைக் கூப்பிட்டாலும் அவரேதான். எங்களுக்குத் தெரியாததா இது? செய்தியில் கடைசிப் பெயராக வரும் குணரட்ணம் என்றால் அது குணரட்ணத்தின் மகன். 'முப்பதுகளில் உள்ளவர்' என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனால் தலைப்பைத் தாண்டிப் படிக்க யாருக்கு நேரம்?

இன்னும் கேளுங்கள். அவருடைய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இப்போதும் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் குசலம் விசாரிக்கிறார். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்கிறார். ஏனென்றால் அவருக்கு இவர் 'மிஸ்டர் செல்லத்துரை'. அது அங்கிளின் அப்பாவுடைய பெயர். ஆக, அங்கிளை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிடும் நாங்கள் மட்டும்தான், எல்லாம் தெரிந்த நாங்கள் மட்டும்தான், பிழையான ஆளைப் பிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கிள் ஹோலில் ஒரு கதிரையில் இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"அங்கிள், இந்த வாரப் பத்தியில நான் எழுதுறன். அது நீங்கள் இல்லை எண்டு ஒரு வரி போதும். சனத்தின்ர வாய் மூடும்."

"எழுதாதேங்கோ, பிள்ளை."

"ஏன்?"

"அது நானில்லை எண்டு எழுதினால், பிறகு ஆர் எண்டு கேப்பினம். என்ன சொல்லுவியள்?"

அவரே தொடர்ந்தார். குரல் உயரவில்லை.

"மகன் வாற மாசம் வாறான். பரோல் ஆக்கள் வந்து வீட்டைப் பார்த்திட்டுப் போட்டினம். அந்த அறை அவனுக்கு. இப்ப சனம் என்னைத் தேடுது. தேடட்டும். கார்பார்க்கில நிக்கேலாது, அவ்வளவுதானே? அவனைத் தேடத் தொடங்கினால் அவன் எங்க போறது? காரில படுக்கிறவனை ஆர் பார்க்கிறது?"

"அவன் செய்தது..."

"பிழை. பெரிய பிழை. அந்தப் பிள்ளையின்ர தாய் தேப்பனுக்கு முன்னால நிக்க எனக்கு முகம் இல்லை. நான் அவனை நல்லவன் எண்டு சொல்ல வரேல்லை. இங்க இருந்தால் என்ர கண்ணுக்கு முன்னால இருப்பான். வேலைக்குப் போறானோ, ஆரோட கதைக்கிறான், போனில என்ன பார்க்கிறான்... ஒருக்கா வழுக்கினாலும் போலீசுக்கு முதல் போன் எடுக்கிறது நான்தான். அதை அவனுக்கும் சொல்லிப்போட்டன்."

குசினிக்குள்ளிருந்து அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, கணவரைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்.

"நீ எழுது பிள்ளை. கோயிலில எனக்குப் பக்கத்தில இருந்த மனுசி எழும்பி அங்கால போறா. என்ர மனுசனை ஆர் எண்டு நினைச்சுக்கொண்டு போறா? மகன் செய்ததைச் சுமக்கலாம். இவரை அப்பிடி நினைக்கிறதை என்னால சுமக்கேலாது."

"பேர் நான் குடுத்ததுதானே, அவன் பிறக்கேக்க. இப்ப திருப்பித் தா எண்டு கேக்கேலுமோ?" என்றார் அங்கிள்.

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

காரில் திரும்பி வரும்போது எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. அவர் எழுதாதே என்கிறார், இவர் எழுது என்கிறார். இரண்டு பேருக்கும் கீழ்ப்படிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுவது. அன்ரிக்கு இது அரை ஆறுதல்தான். மன்னியுங்கள், அன்ரி.

பெட்டிஷனுக்கு வருவோம். அப்பாவி அங்கிள் மாட்டிக்கொண்டார், அதனால் பட்டியல் வேண்டாம் என்று நான் சொன்னால் அது சுலபமான வாதம். சரியான படத்தைப் போட்டால் தீர்ந்தது என்று நிரோஷா மடக்கிவிடுவார். என்னை அரித்துக்கொண்டிருப்பது பிழையான ஆள் இல்லை, சரியான ஆள். குற்றம் செய்தவன், தண்டனை அனுபவித்தவன், வெளியே வருகிறவன். அவன் எங்கே இருக்க வேண்டும்?

அங்கிளின் தெரு முடிவில் ஒரு சின்னப் பார்க் இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கல். பெட்டிஷன் சட்டமானால் அந்த அறை போய்விடும். அறையோடு சேர்த்து, அவன் மீது கண் வைத்திருக்கத் தயாராக இருக்கும் ஒரே ஆளும் போய்விடுவார். விலாசம் இல்லாத ஆளைப் போலீஸ் எந்தக் கதவைத் தட்டித் தேடும்? இது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா? எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை நிரோஷாவிடம் நானே போனேன். செய்தியில் வந்த குணரட்ணம் எந்தக் குணரட்ணம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் மாட்டேன் என்றேன்.

"அக்கா, உங்கட மகளாயிருந்தால்?"

நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொன்னேன். "என்ர மகளெண்டால் நான் கல்லெடுத்திருப்பன். அப்பிடியான ஆளின்ர கையில சட்டத்தைத் தரக் கூடாது, நிரோஷா."

"ஆர் எண்டு தெரிஞ்சால் நாங்கள் கவனமா இருப்பம்தானே?"

"ஆர் எண்டு தெரிஞ்ச ஆக்களிட்டைத்தானே எங்கட பிள்ளையள் கனக்கத் தடவை மாட்டுப்படுகுதுகள். மாமா, சித்தப்பா, டியூஷன் மாஸ்டர்... நாளைக்கு ஒரு பிள்ளை வந்து மாமாவைப் பற்றிச் சொல்லுது எண்டு வையும். மாமாவின்ர பேரோட அம்மப்பாவின்ர பேரும் சேர்ந்து இன்டர்நெட்டில வரும். எங்கட சனத்தில எந்த வீடு போலீசுக்குப் போகும்? பிள்ளையின்ர வாயைத்தான் பொத்துவினம்."

நிரோஷா பெட்டிஷன் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடி விளையாடும் பக்கம் பார்த்தார். அவருடைய பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான்.

"சரி அக்கா. ஆனா எனக்கு ஏலாது. அவங்கள் எங்கையாவது இருக்கட்டும். எங்கட பக்கம் வேண்டாம்."

அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வரும் மாதம் அந்த அறைக்கு ஆள் வந்த பிறகு, அங்கிள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க நான் போவேன். என் மகளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அவனுக்கு அந்த வீடு வேண்டும் என்று எழுதுவதும் நான்தான், அந்த வீட்டு வாசலில் மகளை இறக்காதவளும் நான்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நிரோஷா சொன்ன 'எங்கையாவது'... அப்படி ஒரு சபர்ப் சிட்னியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்த வாசகர்கள், அதன் போஸ்ட்கோடை எனக்கு எழுதுங்கள். வீட்டை விற்றுவிட்டு மகனோடு அங்கேயே போய்விட ஒரு கிழவரும் கிழவியும் தயாராக இருக்கிறார்கள்.