போத்தல் பெட்ரோலும் ஒரு சந்தனப் பொட்டும்

நின்றுபோன வண்டியைக் கிளப்பப் போகிற மெக்கானிக் ஸ்பேனரை மறந்தாலும் சமாளித்துவிடலாம். ஒரு போத்தலையும் ஓர் ஆள் நீள ரப்பர் குழாயையும் மறந்தால் திரும்பி வர வேண்டியதுதான். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த வண்டியின் டாங்கியில் துருவும் பிசினும்தான் இருக்கும். அதை நம்பாமல், போத்தலில் நல்ல பெட்ரோலை நிரப்பி உயரத்தில் கட்டி, குழாய் வழியாக நேரே காபரேட்டருக்கு இறக்கினால் எஞ்சின் கண் விழித்துக்கொள்ளும்.

இலங்கை மலைநாட்டு அட்டனில் ஒரு கராஜில் எனக்கு இதுதான் வேலை. முதலாளி கடையைவிட்டு அசையமாட்டார். மலை மலையாக ஏறி இறங்கியது நான்தான். தனியாக வெளியூர் வேலைக்குப் போய், பேச ஆளில்லாமல் தன்னோடு தானே பேசிக்கொண்டு திரும்பியவர் நீங்களும் என்றால், நாம் ஒரே கட்சி.

பஸ்ஸில் கிடைத்த பேச்சு

என் போத்தல் சாராயப் போத்தல். அதைவிடக் கெட்டியான போத்தல் அந்த நாளில் கிடையாது. ஒருமுறை அக்கரப்பத்தனை பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்து போத்தல் கழுத்தும் குழாயும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை எடுத்துக்கொண்டு எதிர் சீட்டுக்குப் போய்விட்டார். காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசவில்லை. இவராவது பேசமாட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கும்போது பேசினார்.

"குடிக்கிறவுங்களப் பாத்திருக்கேன் தம்பி, அதுக்குக் குழாயெல்லாமா போடுவாங்க?"

ஏழு வருஷத் தூக்கம்

நான் போன தேயிலைத் தோட்டத்தில் பழைய துரை சீமைக்குப் புறப்படும்போது, தன் காரை ட்ரைவர் வேலாயுதத்துக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புதுத் துரை ஜீப்போடு வந்தார். கார் ஏழு வருஷம் ஷெட்டிலேயே கிடந்தது. வேலாயுதம் தினமும் அதைத் துடைத்தார், ஆனால் ஒருநாளும் கிளப்பவில்லை. புதுத் துரையின் உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தாராம்.

உத்தரவு ஒருவழியாக வந்தது. உர மூட்டை அடுக்க ஷெட் வேண்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கார் தன் எஞ்சினிலேயே வெளியே வந்தால் வேலாயுதத்துக்கு. வராவிட்டால் பழைய இரும்புக்காரனுக்கு. ஷெட்டை ஒட்டியிருந்த வேலாயுதத்தின் அறையும் எப்படியும் அன்றோடு சரி. கார் இருந்தால் வாடகைக்கு ஹயர் ஓட்டிப் பிழைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அந்த வயதில் அவர் எங்கே போவார்?

நான் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்துவிட்டு, இனி நாளைக்குத்தான் பார்க்க வேண்டும் என்றேன். வேலாயுதம் மட்கார்டைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இரும்புக்காரன் நேத்தே வந்து டயர எண்ணிட்டுப் போயிட்டான் தம்பி."

இரண்டு தட்டு

வெள்ளிக்கிழமை பிஸ்டன் அசைந்து கொடுத்தது. பெட்ரோல் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கக் குழாயை வாயால் உறிஞ்சி இழுத்தேன். ஒருமுறை வாய்க்குள் போனால் அன்று முழுக்கத் தேத்தண்ணியும் பெட்ரோல்தான், வெற்றிலையும் பெட்ரோல்தான். வேலாயுதம் சுட்டுத் தந்த ரொட்டியும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நான்கு தின்றேன்.

அவருக்கு மனைவி இல்லை. மகளைப் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்துவிட்டார். என் வீட்டார் கப்பலேறி இந்தியாவுக்குப் போனபோது, வேலையை நம்பி நான் நின்றுவிட்டேன். வந்துகொண்டிருந்த கடுதாசியும் நின்றுபோயிருந்தது. கராஜுக்குப் பின்னால் ஓர் அறையில் நான் மட்டும். யாராவது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கோயிலுக்குப் போய்விட்டு வந்த வேலாயுதம் மறுபடி அடுப்பை மூட்டினார்.

"கையக் கழுவிட்டு வாங்க தம்பி, இந்த வீட்டுல ரெண்டு தட்டு வச்சு வெகுநாளாச்சு."

சாமி வந்த போத்தல்

சனிக்கிழமை காலையில் போத்தலைப் பானட்டுக்கு மேலே கட்டினேன். அதன் தக்கையில் இரண்டு துளை. ஒன்றில் குழாய் இறங்கும், மற்றது காற்றுக்கு. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. ஹேண்டிலைச் சுற்றியதும் கார் இருமியது, புகை கக்கியது, பிறகு ஓடியது. வேலாயுதம் கைகூப்பினார். நான்கு நிமிஷம்தான். நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றினேன், காபரேட்டரைக் கழற்றினேன், எல்லாம் சரியாகவே இருந்தது. மணி பதினொன்றேகால். இரும்புக்காரனின் லொறி வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கில் ஒன்று, பானட்டில் ஒன்று, போத்தல் தக்கையில் ஒன்று என்று வேலாயுதம் கோயில் சந்தனத்தைப் பொட்டு வைத்திருந்தார். தக்கையில் வைத்தது காய்ந்து காற்றுத் துளையை அடைத்திருந்தது.

சொன்னால் வெட்கம். பார்த்த பிறகும் நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். இது ஓடிவிட்டால் பகல் பஸ்ஸில் எனக்கு அட்டன், அந்த அறை. ஓடாவிட்டால், அவர் அறையைக் காலி செய்யும்வரை இன்னும் ஒரு வேளை, இன்னும் ஒரு ரொட்டி. வேலாயுதம் லொறியைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துப் பொட்டைக் குத்தினேன். பதினொன்றரைக்குக் கார் வெளியே வந்தது. புதுத் துரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும் வேலாயுதம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்குன்னு வச்ச பொட்டு வண்டிக்கு மூச்ச அடைச்சிருச்சே தம்பி!"

முதல் ஹயர்

டாங்கியைக் கழுவும்வரை தாங்கட்டும் என்று போத்தலை எடுத்துவிட்டு, மூடியில் காற்றுத் துளை போட்ட ஒரு தகர டின்னில் பெட்ரோலை நிரப்பிக் கூரையில் கட்டிக் குழாயை இறக்கினேன். இனி நான் பக்கத்தில் இல்லாமலே ஓடும். முன் சீட்டில் நான், பின்னால் அவருடைய பெட்டியும் பானையும். அட்டன்வரை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கரப்பத்தனை கடைத்தெருவில் ஒரு குடும்பம் கையைக் காட்டியது. பிள்ளை பெற்று வந்த பெண், கைக்குழந்தை, கூட மூன்று பேர், மூட்டைகள். அவர்கள் போக வேண்டிய தோட்டம் வேறு பக்கம். வேலாயுதம் ஒருமுறை அவர்களைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பின்மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

"தம்பி, நீங்க எறங்குனாத்தான் அவுங்களுக்கு எடம் பத்தும், பஸ்ஸு இப்ப வந்துரும்."

பஸ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. ஓடாத வண்டிகள்தான் என்னைக் கூட வைத்துக்கொண்டன, நான் ஓட வைத்ததெல்லாம் என்னை இறக்கிவிட்டுத்தான் போயிருக்கின்றன.