பீர் ஊற்றிய பன்றிக்கறி

எங்கள் குடும்பத்தில் பன்றிக்கறி என்றால் நான்தான். அம்மா போன பிறகு தம்பி அதை வேறு யார் கையாலும் சாப்பிட்டதில்லை. கருங்குழியில் கறி வாங்கிக் கழுவி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மூன்று கவர் சுற்றித் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு நெம்மேலியில் இருக்கும் அவன் வீட்டுக்கு பஸ் ஏறுவேன். பக்கத்து சீட்டில் யாராவது கேட்டால் மட்டன் என்று சொல்லிவிடுவேன். உப்பு பிசறாவிட்டால் அந்த வெயிலில் கறி கெட்டுப்போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வாசலிலேயே வாளியை வாங்கினான். நேராகக் கொண்டுபோய்ப் பொண்டாட்டியிடம் கொடுத்தான்.

"இன்னிக்கு நீ குந்துக்கா. இவ போர்க் சில்லி பண்றா. பீர்லாம் ஊத்தி!"

கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? சில்லி என்றால் எனக்குத் தெரிந்தது தள்ளுவண்டியில் போடும் சிவப்பு வறுவல்தான். இவளோ ஏதோ அமெரிக்கக் குழம்பு என்று பரங்கிக்காயையும் ராஜ்மாவையும் வைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறி கழுவியாச்சுங்களா அண்ணி?"

"ஆச்சு" என்றேன். உப்பு பிசறியதைச் சொல்லவில்லை. அது அப்போது உண்மையான மறதிதான்.

கறியை வதக்கி, தக்காளி, ராஜ்மா, பாதிப் பரங்கிக்காய் சேர்த்து, அவள் பீரை ஊற்றியதும் நுரை பொங்கியது. தம்பி பக்கத்தில் நின்று சிரித்தான். நான் சமைக்கும்போது உப்புப் பார்க்க மட்டும் வருவான், ஒருநாளும் இப்படிப் பக்கத்தில் நின்றதில்லை. அவள் உப்பு டப்பாவைத் திறந்து இரண்டு ஸ்பூன் நிறைய எடுத்தாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும்போது தம்பி உள்ளங்கையை நீட்டுவான், ஒரு சொட்டு விட்டால் நக்கிப் பார்த்து உப்பு சொல்வான். அன்று அந்தக் கை அவளிடம் நீண்டது. நக்கியதும் முகம் கோணியது.

"இன்னாடி இது, உப்ப அள்ளிக் கொட்டிகினுகீற? பேசாம அக்காவயே செய்யச் சொல்லியிருக்கலாம்."

இதைக் கேட்கத்தானே காத்திருந்தேன்? கேட்டதும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

"அளவாத்தானுங்க போட்டேன்" என்றவள் திரும்பிக்கொண்டு தோளில் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மிச்சமிருந்த பரங்கிக்காயை நறுக்கிப் போட்டேன், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தம்பியின் கை என் பக்கம் நீண்டது.

"இப்ப கரெக்டா கீது. அக்கா கை பட்டாலே தனிதான்."

அவள் முதல் தட்டை எனக்குத்தான் போட்டாள். "இனிமே நீங்களே உப்புப் போட்டிருங்க அண்ணி. எனக்குக் கை வரலீங்க."

பரங்கிக்காய் கரைந்து, லேசாகப் பீர் கசந்து, கறி பஞ்சாக வெந்திருந்தது. நான் செய்வதைவிட நன்றாக இருந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.