அக்காவுக்கு இல்லாத கட்டம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அக்கா வீட்டில் சும்மா இருந்தாள். ‘சும்மா’ என்பது தெரு சொன்ன வார்த்தை. விடிவதற்குள் தண்ணீர் பிடிப்பாள், சோறு வடிப்பாள், ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் அம்மாவுக்கு டிபன் கட்டுவாள், எனக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டுத் துணி துவைப்பாள். இத்தனையும் செய்துவிட்டு, யாராவது கேட்டால் அவளே “சும்மாதான் இருக்கறேன்” என்பாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். மறுதேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் தோல் பதனிடும் ஆலையில் அப்பாவுக்குக் கையில் அடிபட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் தேதி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் போய் நின்றால், இனிச் சேர்க்க முடியாது, தனியாக எழுதிக்கொள் என்றார்கள். எங்கே, எப்படி என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. அம்மாவின் கம்பெனியில் கேட்டால், பதினெட்டு முடிந்த பிறகு வா என்றார்கள். அது சட்டம், அதில் தப்பில்லை. ஆனால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்த இரண்டு வருடத்தை எங்கே உட்கார்ந்து கழிப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்த ஒரே அரசாங்க மனுஷி, கொசுப்புழு பார்க்க நகராட்சி அனுப்பிய பெண். தொட்டி, குடம், தேங்காய் ஓடு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் கையெழுத்துப் போடுவார். அம்மா அவரை ‘டேங்க் அக்கா’ என்பாள். எங்களுக்கும் அவர் டேங்க் அக்காதான்.

ஒருநாள் அட்டையில் கையெழுத்துப் போட்டவர், போகாமல் நின்றார்.

“ஏம்மா, நான் எப்ப வந்தாலும் நீதான் கதவத் தொறக்கற. ஸ்கூலுக்குப் போறதில்லியா?”

அக்கா நடந்ததைச் சொன்னாள். டேங்க் அக்கா தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் பெயரை எழுதிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருந்தன.

“உன்னாட்டம் இந்தத் தெருவுலயே எத்தினி பேரு இருக்கறாங்க தெரியுமா? ஆபீஸ்ல குடுத்துப் பாக்கறேன்.”

அவரை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். படிப்பும் வேலையும் இல்லாத இளைஞர்களுக்கு நகராட்சி நடத்தும் சிறப்பு முகாம். அக்கா பொங்கலுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் வைத்தாள். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

முகாம் நடந்த கல்யாண மண்டபத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் சிரித்த முகங்களில் ஒன்றுகூட ஐம்பது வயதுக்குக் கீழ் இல்லை. வர வேண்டிய பெரிய மனிதருக்காகப் பிற்பகல்வரை காத்திருந்தோம். நடுவில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி. அதற்குக் கீழே ‘தற்போதைய நிலை’ என்று போட்டு இரண்டு கட்டங்கள்: மாணவர், பணியாளர்.

அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேஜையருகே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், ரெண்டுமே இல்லன்னா எதுல டிக் போடணும்?”

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவில்லை. “எதுனா ஒண்ணு போடும்மா. கம்ப்யூட்டர்ல ரெண்டுதான் இருக்குது.”

“ரெண்டும் இல்லாதவங்களுக்குத்தான சார் கேம்ப்பு?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் இப்போது நிமிர்ந்தார்.

“வாய் ஜாஸ்தியா இருக்குதே உனக்கு. இப்பிடிப் பேசினா யாரு வேல குடுப்பாங்க?”

அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. படிவத்தை என் கையில் திணித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் நின்றுகொண்டாள். அந்த நேரம் பார்த்து, படிவங்களைக் கொடுங்கள் என்று கூவினார்கள். அக்காவுடையது மட்டும் விட்டுப்போகுமே என்று எனக்குப் பயம். பேனாவை எடுத்து ‘மாணவர்’ கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டேன். கவரில் மார்க் ஷீட் இருந்ததே, அப்படியானால் அவள் மாணவிதான் என்று நினைத்தேன். மேஜைக்காரர் நான் போடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “அக்காவவிட நீ கெட்டிக்காரி” என்று வாங்கிக் கட்டுக்குள் வைத்தார். நான் பூரித்துப்போனேன்.

பெரிய மனிதர் வந்தார், இளைஞர்களைப் புகழ்ந்தார், எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். கணக்கில் எத்தனை மார்க் என்று அக்காவை ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா போன் வரும் என்று காத்திருந்தாள். அம்மாவின் போனை வேலைக்கு எடுத்துப்போக விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கடைசியில் டேங்க் அக்காதான் வந்தார். அன்று அவர் தொட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“உன் பேரு லிஸ்ட்டுல இல்லம்மா. நீ படிச்சிக்கினு இருக்கறன்னு எழுதியிருக்குது. இல்ல சார், வாராவாரம் நான் கண்ணால பாக்கறேன்னு சொன்னேன். ‘நீ கொசுவப் பாரு, மத்தது உனக்கு எதுக்கு’ங்கறாங்க.”

அடுத்த மாதம் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வீட்டுத் தொட்டியில் புழு இருக்கிறதா என்று அந்த நகராட்சிக்கு வாராவாரம் தெரிந்திருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. தெரிந்து வந்து சொன்னவருக்கும் திட்டுதான் விழுந்தது. அக்கா என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள்? தேர்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். மதியத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஃபேன் ஓடும் ஓர் அறை. நகராட்சிக்கு அறைகளா இல்லை? எங்கள் தெருமுனையிலேயே ஒன்று, உடைந்த குப்பை வண்டிகளை வைத்துப் பூட்டிக் கிடந்தது.

அக்கா பதினெட்டு முடிந்து ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். கூட வேலை செய்த பெண் ஒருத்தி வழி சொல்ல, இருபது வயதில் கணக்குத் தேர்வை எழுதினாள். எண்பத்தொரு மார்க். இடையில் அவள் வீட்டில் கிடந்த நாட்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

லிஸ்ட்டில் பெயர் இல்லை என்று டேங்க் அக்கா சொல்லிவிட்டுப் போன அன்று, அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“யாருடி டிக் போட்டது?”

“நான்தான்க்கா. நீ விட்டுட்டுப் போயிட்ட.”

அடிப்பதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. “உன்ன இன்னாத்த சொல்றது, போ” என்று உள்ளே போய்ச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள், அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்தேன், பாத்திரம் தேய்த்தேன், மன்னித்துவிடு என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் லேசாகச் சிரித்தாள். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து விளையாடப் போய்விட்டேன். அந்த மூன்று நாளில் அவளிடம் மன்னிப்புக் கேட்டது பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.