டாக்டர் கொடுத்த சீட்டு

மாமனாரின் கண் மஞ்சளாக இருப்பதை வீட்டில் முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்ததும் என் எட்டு மாதக் குழந்தையை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன். ஒட்டிவிடுமோ என்ற பயம். பள்ளி இறுதி வரை படித்த எனக்கு எதிலும் பாதி தெரியும். அந்தப் பாதிதான் என்னைப் படுத்தும். ஒரு வாரம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். மஞ்சள் ஏறிக்கொண்டே போயிற்று. நாளைக் கடத்திவிட்டேனோ என்று பதறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கணவர் அன்று பகல் ஷிப்டில் இருந்தார்.

மாமா முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். உள்ளே போக கேட்டில் டோக்கனைக் காட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் அங்கேயே சோதனை. ஒரு சிறு கல்லைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. அந்தப் பழக்கத்தில், டாக்டர் எதிரே வந்து நின்றதும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"கைய எறக்குங்க பெரியவரே, நான் தங்கம் தேடல."

"நல்லா பாத்துக்கோ சார். இன்னாத்த எடுத்துகினு வந்துட்டேன்?"

வார்டே சிரித்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். பித்தக்குழாயைக் கல் அடைத்திருக்கலாம், இல்லையென்றால் கணையத்தில் புற்றுநோய் வந்து நெருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"ஒரு காய்ச்சல்கூட வரலையே டாக்டர். அப்படி ஒண்ணு வளர்ந்தா உடம்பு சும்மாவா விடும்?"

"உங்க கேட்டையே எடுத்துக்கங்கம்மா. வெளியாள் வந்தா பிடிச்சிருவாங்க. டோக்கன் வச்சிருக்கிற நம்ம ஆளே கெட்டுப்போனா? ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். புற்று நம்ம உடம்போட சொந்த செல்லுலேர்ந்து வர்றது, நம்ம டோக்கனையே காட்டுது. கணையத்துல வந்தா, தழும்பு மாதிரி கெட்டியா ஒரு சுவரையும் சுத்திக் கட்டிக்கும். காவலாள் வெளியவே நிக்க வேண்டியதுதான். மிச்சம் எங்களுக்கே தெரியாது."

"குழந்தைக்கு ஒட்டுமா?"

"ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒட்டாதும்மா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆபரேஷனன்று காலையில் குழந்தையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"இன்னாம்மா, பத்து நாளா இவள ஒளிச்சு வச்சிட்ட? நான் திருடிகினு பூடுவேன்னா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

கல்தான். புளியங்கொட்டை அளவு. சின்னப் பாட்டிலில் போட்டு டாக்டர் அவர் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்குக் கிளம்பிய நாளில், ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரரைப் பார்த்ததும் மாமா நின்றுவிட்டார்.

"இரும்மா. இடுப்புல கல்லு கீது. டாக்டராண்ட சீட்டு வாங்கினு வா. முப்பது வருசம் மாட்டாதவன் இங்க மாட்டணுமா?"

விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். டாக்டர் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார்: "இந்தக் கல் இவருடைய சொந்தக் கல். கொண்டுபோகலாம்."

காவல்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு வணக்கம் வைத்தார். மாமா அப்போதும் கைகளைத் தூக்கித்தான் வைத்திருந்தார். குழந்தையை அந்தக் கைகளில் கொடுத்தேன்.