குடைக்கம்பியும் மூன்று அட்டைகளும்

வெள்ளிக்கிழமை காலை பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காதர் மைதீனின் மச்சினர் நசீர் உள்ளே வந்தார். டன்லப் ஸ்திரீட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"மச்சான் மௌத்தாயிட்டாக சார். நேத்து லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணியாச்சு."

"எனக்கு ஏம்பா ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஒங்க வீடு எங்கேன்னு எங்கள்ல யாருக்குமே தெரியல லா."

பத்து வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தவரின் வீட்டாருக்கு என் வீடு தெரியாது. அப்படித்தான் நான் பழகியிருக்கிறேன்.

நம் மருந்துக் கம்பெனி மட்டும் எப்படியோ சேதி அறிந்து ஒரு பெரிய மலர்வளையத்தை அனுப்பியிருந்தது. முஸ்லிம் வீட்டுச் சாவுக்கு மலர்வளையம். "முன்னாள் ஆய்வக உதவியாளருக்கு" என்று எழுதியிருந்ததாம். வாங்கிய நசீர் என்ன செய்வதென்று தெரியாமல் கடை முன்னாலுள்ள ஐந்தடிப் பாதையில் சாய்த்து வைக்க, பக்கத்துத் தெரு ஆடு ஒன்று வந்து பாதியைத் தின்றுவிட்டது. அந்தக் கம்பெனி அவருக்காகச் செய்ததில் ஓர் உயிருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "குடைக்கம்பி காதர்" என்று நாம் எல்லோரும் கேலி செய்தோம். அந்தக் கம்பியால் அவர் என்ன செய்தார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு.

ஐம்பதுகளின் நடுவில், நம் ஆய்வகம் இந்தத் தீவின் செடிகொடிகளிலிருந்து மருந்து கண்டுபிடித்துவிடப் போவதாகப் புறப்பட்டது. இலை வரும், வேர் வரும், பட்டை வரும். சாறு எடுப்போம், எலிக்குக் கொடுப்போம், ஒன்றும் நடக்காது, நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போவோம். ஒருமுறை நித்தியகல்யாணி இலையை இரண்டு மாதம் பாடுபட்டுப் பரிசோதித்து முடித்தேன். பாட்டில் கழுவ வேலைக்குச் சேர்ந்திருந்த, நம் எல்லோருக்கும் அண்ணன் முறையான காதர் நானா பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இதே எலையை ஒங்களுக்கு முந்தி இருந்தவரும் இப்படித்தான் பார்த்தாரு. இதே மாதிரிதான் ஒண்ணும் வரல." எனக்கு முந்தி இருந்தவரைத் தேடி விசாரித்தால், உண்மை. பட்டம் வாங்கிய எனக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கப்புறம்தான் அட்டைகள் வந்தன. சுங்கை ரோட் பழைய சாமான் சந்தையில் பஸ் கண்டக்டர்கள் டிக்கெட்டில் துளை போடும் கருவி ஒன்றை வாங்கிவந்தார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் அட்டை. ஓரங்களில் வரிசையாகத் துளைகள். ஒரு துளை வேருக்கு, ஒன்று இலைக்கு, ஒன்று ஆல்கஹாலில் எடுத்த சாற்றுக்கு, ஒன்று சிறுநீரகம் கெட்டால். அந்த அட்டைக்கு எது பொருந்துகிறதோ அந்தத் துளையை மட்டும் ஓரம்வரை வெட்டிவிடுவார். அட்டைகளை அடுக்கி, வேண்டிய துளையில் குடைக்கம்பியைச் செருகித் தூக்கினால், வெட்டிய அட்டைகள் மட்டும் பொலபொலவென்று கீழே விழும். சிறுநீரகத்தைக் கெடுத்த சாறுகள் எவை என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் மேசையில் கிடக்கும். அவ்வளவையும் பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்திருந்தார்.

பலித்ததைவிடப் பலிக்காததைத்தான் அதிக அக்கறையாக எழுதுவார். "பலிச்சதை ஊரே சொல்லும் தம்பி. பலிக்காததை நாமதான் சொல்லணும்," என்பார். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் இரண்டு கட்டங்கள். ஒன்றில் செய்தவர் கையெழுத்து, மற்றதில் சாட்சி கையெழுத்து. பார்க்காமல் யாரும் சாட்சி போடக்கூடாது. நான் அவசரத்தில் பேனாவை நீட்டினால் அட்டையை இழுத்துக்கொள்வார். "மொதல்ல எலியைப் பாருங்க. அப்புறம் கையெழுத்து."

ஒரு கொடியின் வேரை மூன்று தடவை பார்த்தோம். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்களில் யாராவது காய்ச்சிக் குடித்துப் பார்ப்பார்கள். இரத்த அழுத்தம் நன்றாகவே குறைந்தது. மூன்றாவது வாரத்தில் எலிகள் வீங்கிச் செத்தன. மூன்று அட்டைகள். மூன்றிலும் சாட்சி நான். அறுத்துப் பார்த்த சிறுநீரகங்கள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன.

பிறகு ஜூரோங்கில் புதுக் கட்டடம் எழும்பியது. கூடவே புது இயக்குநரும் வந்தார். பழைய குப்பை எதுவும் புது இடத்துக்கு வரக்கூடாது என்றார். வெற்றிகளைத் தட்டச்சு செய்த அறிக்கை ஒன்று போதுமாம். அப்போது காதர் நானா விடுப்பில் கப்பலேறி நாகூர் போயிருந்தார். எரித்து அழிக்க வேண்டியவற்றின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. "பயனற்ற அட்டைகள், முப்பத்திரண்டு டின்" என்று இருந்த வரிக்கு எதிரே நான்தான் கையெழுத்துப் போட்டேன். புது இடத்தில் பகுதித் தலைவர் பதவி எனக்கென்று பேச்சு. சின்ன விஷயத்துக்கு இயக்குநரிடம் எதற்கு முரண்டு பிடிப்பது என்று நினைத்தேன். திரும்பிவந்த காதர் நானா என் மகளுக்கு ஒரு பட்டுப்பாவாடைத் துணி கொண்டுவந்திருந்தார். அதைக் கையில் கொடுத்த பிறகுதான், "டின்னெல்லாம் எங்கே தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பாட்டில் கழுவப் போனார்.

ஒரு வருடத்துக்குள் அந்த வேர் மறுபடி வந்தது. இயக்குநரின் கண்டுபிடிப்பாக வந்தது. எலிகளை ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அழுத்தம் குறைகிறது, அது போதும். அடுத்தது மனிதர்கள். பேக்கிங் பகுதியில் அழுத்தம் உள்ள நான்கு பேர் குடித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். காதர் நானா, யாரும் கூப்பிடாமலே, கூட்டம் நடந்த அறைக்குள் வந்தார்.

"சார், இந்த வேரை நாங்க பார்த்தாச்சு. மூணாவது வாரம் கிட்னி போயிடும்."

"பேப்பர் எங்கே?" என்றார் இயக்குநர்.

"எரிச்சுட்டீங்க." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "சாட்சி போட்டவர் இவருதான். கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அட்டைகள் முக்கியமானவை என்றால், அவற்றை எரிக்கச் சொன்னவன் நான். "அப்படி எத்தனையோ அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கேன். எதுன்னு ஞாபகமில்லை," என்றேன். காதர் நானா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். நேரே பேக்கிங் பகுதிக்குப் போய் அந்த நான்கு பேரிடமும் குடிக்காதீர்கள் என்று சொன்னாராம். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேரும், படித்தவர்கள் சொல்வதா பாட்டில் கழுவுகிறவர் சொல்வதா என்று யோசித்து, படித்தவர்களை நம்பினார்கள்.

அவர்களில் ஒருவர் முகம் வீங்கி ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். மற்றவர் கோவிந்தசாமி. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தீபாவளிக்கு நம் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருவார். "ஏற்கனவே இருந்த நோய்" என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அந்த அறிக்கையிலும் என் கையெழுத்து உண்டு. நான் பகுதித் தலைவரானேன்.

கோவிந்தசாமியின் சாவு வீட்டில் காதர் நானா என் அருகே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப ஞாபகம் வந்துச்சா சார்?"

ஆய்வகத்திலும் தெருவிலும் பத்து வருடம் நான் அவருக்குத் தம்பி. அன்றுதான் முதல்முறையாக சார் ஆனேன். அடுத்த வாரம் அவர் வேலையை விட்டுவிட்டு நசீரின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். டன்லப் ஸ்திரீட் வழியாகப் போக வேண்டி வந்தால் நான் அடுத்த தெருவில் சுற்றிப் போவேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இது போதும்.

காப்பிக்கடையில் நசீர் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். "ஒங்களை என்னைக்காச்சும் பார்த்தா குடுக்கச் சொன்னாக." உள்ளே ஓர் அட்டை. ஓரமெல்லாம் துளைகள். வேருக்கு வெட்டியிருந்தது, ஆல்கஹாலுக்கு வெட்டியிருந்தது, சிறுநீரகத்துக்கு வெட்டியிருந்தது. நடுவே அவருடைய குண்டு எழுத்து: "மனிதர் இருவர். ஒருவர் மௌத். முன்பே தெரியும். தடுக்க முடியவில்லை." செய்தவர் கட்டத்தில் தம் கையெழுத்தையே போட்டிருந்தார். யாரையும் குறை சொல்லி ஒரு சொல் இல்லை. என் பெயரும் இல்லை. சாட்சிக் கட்டம் காலியாக இருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த ஓர் அட்டைதான். முப்பத்திரண்டு டின்னும் எரிந்த பிறகு என்ன மிஞ்சியது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்ட முடியும். நேற்று அதை மேசையில் வைத்து, சாட்சிக் கட்டத்தில் என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்கும் கோவிந்தசாமியின் மகனுக்கும் அதன் பிரதியை அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் என்ன செய்தாலும் சரி.

ஞாபகம் இருக்கிறது நானா. மூன்று அட்டைகளும் ஞாபகம் இருக்கின்றன. அன்றைக்கும் இருந்தன.