ஏஞ்சல் கழற்றாத கவுன்

சபையாருக்கு என் தோத்திரம். அழாமல் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

என் கணவரை அடக்கம் செய்தபோது எங்கள் ஒரே மகள் ஏஞ்சல் அங்கே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு வராது. எந்த உடுப்பும் அவள் உடம்பில் தங்காது. கழுத்தையும் அக்குளையும் பிறாண்டிக்கொண்டு கிழித்துப் போடுவாள். அன்றைக்கும் கோயிலில் வைத்து வெள்ளைக் கவுனைக் கிழித்தாள். போர்வையில் சுற்றிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் பெட்டியின் பின்னால் போனேன். அவளைத் தோளிலேயே சுமந்து வளர்த்த மனுஷன். அவருக்கு அவள் ஒரு பிடி மண் போடவில்லை. அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாராவியில் ஒரு தையல் கார்கானாவில், துணியின் உள்ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவள், என் பிள்ளைக்கு ஒன்றை உடுத்த முடியவில்லை. லேஸ், நெட் எல்லாம் வைத்துப் பார்த்தேன். அழகாக இருந்தால் போட்டுக்கொள்வாள் என்று நினைத்தேன், மடச்சி. "ஆண்டவரே, அவ வாயத் தொறந்தருளும், எங்க வலிக்குன்னு அவளே சொல்லட்டும்" என்றுதான் ஜெபித்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனதும், என் கணவருடைய அக்கா, என் மைனி, அவர் துணிகளை மூட்டையாகக் கட்டினார்கள். "செத்தவுக துணி வீட்ல இருக்கக் கூடாதுட்டி. யாருக்காச்சும் குடுத்துரு." எங்கள் பக்கத்து வழக்கம் அது. மூட்டை வாசலைத் தாண்டுமுன் ஏஞ்சல் பாய்ந்து ஒரு நைந்த பனியனை உருவினாள். உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போட்டுக்கொண்டாள். மைனி பிடுங்கப் போனார்கள். "இருக்கட்டும் மைனி" என்றேன். படுக்கும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.

மறுபடி வேலைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. துணியின் உள்ளே நான் தினமும் அடிக்கிற அந்த ஓவர்லாக் தையல்தான் அவளை முள்ளாகக் குத்தியிருக்கிறது. பேசாத பிள்ளை, பனியனைப் புரட்டிக் காட்டிச் சொல்லிவிட்டாள். மிஷின் மேல் தலைவைத்து அழுதேன்.

மூட்டையிலிருந்து எடுத்து வைத்த அவருடைய பனியன்களை வெட்டி ஒரு கவுன் தைத்தேன். தையலெல்லாம் வெளியே. லேபிளும் இல்லை, ஜிப்பும் இல்லை. அவருடைய முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு அதை அவளுக்குப் போட்டுக் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். "பிள்ளைக்குத் துணியத் திருப்பிப் போட்டிருக்கியே" என்றார் ஒருவர். மைனி முந்திக்கொண்டார்கள். "அவளுக்கு அதாம்யா நல்ல பக்கம்."

ஏஞ்சல் ஒரு பிடி மண்ணை எடுத்து அப்பா மேல் போட்டாள். பிறகு கவுன் ஓரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

இன்றும் அவள் பேசவில்லை. அவரும் திரும்பி வரமாட்டார். ஆனாலும் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். இப்போது செம்பூர், மான்குர்த் என்று எங்கிருந்தெல்லாமோ இப்படிப் பிள்ளைகளோடு தாய்மார் வருகிறார்கள், இதே மாதிரி தைத்துக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நம்பிக் கூட்டி வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். வரும்போது, அந்தப் பிள்ளை கழற்றாமல் வைத்திருக்கிற பழந்துணி ஒன்று இருந்தால், அதையும் எடுத்து வாருங்கள்.