எத்திராஜின் மூலப்பத்திரம்

நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து குத்தம்பாக்கம் வரை எந்த வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறது என்று எத்திராஜைக் கேட்டால் போதும். அந்த வீட்டில் கழிவறை எந்தப் பக்கம், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா, தண்ணீர் வருமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். மற்ற புரோக்கர்கள் ஹாலைக் காட்டுவார்கள், காற்றோட்டத்தைக் காட்டுவார்கள். எத்திராஜ் பூட்டைத் திறந்ததும் நேரே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வீடு பார்க்க வந்தவர் ஹாலில் நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருவழியாக வெளியே வந்து, "பிரஷர் நல்லா கீது சார்" என்பார். இவ்வளவு அக்கறையாகச் சோதித்துப் பார்க்கிற புரோக்கர் ஆவடி வட்டாரத்திலேயே கிடையாது என்று பேர் வாங்கிவிட்டார். ரத்தமும் சளியுமாகப் போகிற வயிறு ஒரு மனுஷனுக்கு இப்படியும் நல்ல பேர் வாங்கித் தரும்.

அவருக்கு இருந்தது பெருங்குடல் அழற்சி. குடலின் உள்சுவர் புண்ணாகும், மாத்திரை போட்டால் ஆறும், மறுபடியும் புண்ணாகும். மகள் மோகனப்பிரியா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே கதை. ஆனால் எத்திராஜ் வீட்டிலும் வெளியிலும் சொல்லிவைத்திருந்தது மூலம். மூலம் ரொம்ப வசதியான வியாதி. யாரும் மேற்கொண்டு விவரம் கேட்க மாட்டார்கள், வைத்தியம் மட்டும் சொல்வார்கள். சொன்னதை எல்லாம் மனைவி தாட்சாயிணி ஒன்று விடாமல் செய்தாள். வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு மசியல், மற்ற நாட்களில் துத்திக்கீரை. மோகனப்பிரியா எந்த மூலமும் இல்லாமலேயே அப்பாவின் மூலத்துக்குப் பத்தியம் இருந்து வளர்ந்தாள்.

மறைப்பது எத்திராஜுக்குத் தொழிலோடு வந்த பழக்கம். தாத்தா உழுத நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற தெம்பில் புரோக்கர் ஆனவர் அவர். சுவரில் ஓதம் ஏறிய வீடா, ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் புது வீடு. அப்படித்தான் தினேஷ் என்கிற பையனுக்கு ஒரு வீட்டைத் தள்ளிவிட்டார். முதல் மழைக்கே பெயிண்ட் அப்பளமாக உப்பிக்கொண்டு வர, பையன் சண்டை போட வந்தான். கதவைத் திறந்தவள் மோகனப்பிரியா. அதற்கப்புறம் அந்த ஓதத்தைப் பற்றிப் புகார் சொல்லவே தினேஷ் அடிக்கடி வர ஆரம்பித்தான். கடைசியில் சென்னீர்குப்பத்திலிருந்து அவன் அம்மா அப்பா பழத்தட்டோடு வந்து பெண் கேட்டார்கள். ஓதத்தால் விளங்கிய குடும்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் டாக்டர் ரேவதி அந்த வார்த்தையைச் சொன்னார். வருஷா வருஷம் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற சோதனைக்கு எத்திராஜ் யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வருவார். அந்தத் தடவை எடுத்த சதைத் துணுக்கில் செல்கள் லேசாக உருமாறியிருந்தன. மரபணு மாற்றம் ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் புற்றுநோயில் போய் நிற்கலாம், மூன்று மாதத்தில் திரும்ப வந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். இவ்வளவு சொன்னதில் எத்திராஜ் காதில் தங்கியது ஒரே ஒரு வார்த்தை. மரபணு.

மரபு என்றால் பரம்பரை, இது தெரியாதவர் யார். நிலம் விற்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூலப்பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அதிலிருந்து பிரிந்த பிளாட் எல்லாவற்றிலும் வில்லங்கம். எத்திராஜிடமிருந்து பிரிந்த பிளாட் ஒன்றே ஒன்று, அதற்கும் இப்போதுதான் பார்ட்டி வந்திருக்கிறது. விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பழத்தட்டு வந்த வழியே போகும். ஆகவே எத்திராஜ் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பெயிண்ட் அடித்தார். ஆஸ்பத்திரி நம்பரை போனில் பிளாக் செய்தார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் செத்தால்கூடப் பரவாயில்லை என்று முடிவு கட்டினார். இதற்குப் பெயர் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

ரத்தம் திரும்பவும் போக ஆரம்பித்தது. இடுப்பு பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட வேண்டிவந்தது. கேட்டவர்களுக்குக் கல்யாணக் கவலை என்றார். தாட்சாயிணி கருணைக்கிழங்கை வாரம் இருமுறையாக்கினாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம், சென்னீர்குப்பத்தில் ஒரு வீடு காட்டப் போனவர் வழக்கம்போல பாத்ரூமுக்குள் போனார், வரவில்லை. வீடு பார்க்க வந்த தம்பதி, புரோக்கர் என்றால் இவரல்லவா என்று வியந்தபடி ரொம்ப நேரம் காத்திருந்திருக்கிறார்கள். பிறகுதான் சந்தேகம் வந்து கதவை உடைத்து, ரத்தம் போய் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் பலமாக இருந்ததாம். எத்திராஜ் பார்த்துத் தேர்ந்த தாழ்ப்பாள் வேறு எப்படி இருக்கும்.

மோகனப்பிரியா வந்து, அப்பாவின் பையில் கிடந்த பழைய சீட்டைப் பார்த்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் ரேவதி எதிரே அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வாயைத் திறக்குமுன் எத்திராஜ் முந்திக்கொண்டார்.

"மரபணுன்னு சொன்னீங்களே டாக்டரம்மா, அது என் பொண்ணுக்கு எவ்ளோ கீது?"

டாக்டருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புண் ஆறவேண்டும் என்றால் புது செல் வேண்டும், ஒரு செல்லைப் பார்த்து இன்னொன்று பிரதி எடுத்தாக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். வருஷக்கணக்கில் புண் வந்து வந்து ஆறினால் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், எங்காவது பிழை விழும். பிழையான பிரதியைத் தடுத்து நிறுத்தக் காவலுக்கு ஒரு மரபணு உண்டு. இந்த வியாதியில் சீக்கிரமே கெட்டுப்போவது அந்தக் காவல்தான். பிறகு பிழைகள் கட்டியாகக்கூடத் தெரியாமல் தட்டையாகப் பரவும். அதனால்தான் அங்கங்கே துணுக்கு எடுத்துப் பார்ப்பது.

"இது நீங்க பொறக்கும்போது கொண்டு வந்தது இல்ல. உங்க குடல்ல மட்டும், பின்னாடி விழுந்த பிழை. பொண்ணுக்குப் போகாது" என்றார்.

எத்திராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ மூலப்பத்திரம் கிளியரு. ஜெராக்ஸ்லதான் மிஸ்டேக்கு."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் டாக்டர். அழற்சி வருகிற வாய்ப்பு மட்டும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல், வயிறு படுத்தினால் கிழங்கைத் தேடாமல் இங்கே வரவேண்டும் என்று மோகனப்பிரியாவிடம் சொன்னார். பிறகு மீதியையும் சொன்னார். அன்றைக்கு லேசாக இருந்த மாற்றம் இன்றைக்கு முற்றிப்போய் புற்றுநோயின் வாசலில் நிற்கிறது. பெருங்குடல் முழுவதையும் எடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரி நம்பரை பிளாக் செய்யாமல் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் வேறு வழி பேசவாவது இடம் இருந்திருக்கும். புதன்கிழமை ஆபரேஷன்.

அதில் எதுவும் எத்திராஜ் முகத்தில் உறைக்கவில்லை. வில்லங்கம் நீங்கிய பத்திரத்தைக் கையில் வாங்கியவராகச் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், ஆபரேஷனை மூணு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டரிடமே பேரம் பேச ஆரம்பித்தார்.

மோகனப்பிரியா அவர் கையைப் பிடித்தாள். "எனக்கு இல்லவே இல்லாத ஒண்ணுக்கு உன் உசுர கொண்டுபோய் அடமானம் வெச்சிகினு கீறியே நைனா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அங்கேயே தினேஷுக்குப் போன் போட்டாள். தடுக்க எழுந்த எத்திராஜை ஒரு கையால் நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், பிளாக் செய்த நம்பர் உட்பட. சொல்லி முடித்து ஸ்பீக்கரில் போட்டாள். எத்திராஜ் பழத்தட்டு திரும்பிப் போகிற சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"மாமா" என்றான் தினேஷ். "இதுக்கும் பெயிண்டுதானா? புதன்கிழம காலைல நான் வண்டி எடுத்துகினு வந்துடறேன். நிச்சயம் நீங்க ஊட்டுக்கு வந்தப்புறம் வெச்சிக்கலாம்."

எத்திராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்ல எழுந்து வெளியே வந்தார். கழிவறை எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை, அது அவருக்கு எப்போதோ தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். மகள் வெளியே காத்திருந்தாள். தாழ்ப்பாளை மட்டும் அவர் போடவில்லை.